ஒரு வரி, பல வீட்டுக் கணக்கு

2024 செப்டம்பர் 14 முதல் சமையல் எண்ணெய்க்கான இறக்குமதி வரியை மத்திய அரசு உயர்த்தியது. சுத்திகரிக்காத பாமாயில், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் மூன்றுக்கும், மேல்வரிகளையும் சேர்த்து 5.5 சதவீதமாக இருந்த வரி ஒரே இரவில் 27.5 சதவீதம் ஆயிற்று. எட்டரை மாதம் கழித்து, 2025 மே மாதக் கடைசியில், அதே வரி 16.5 சதவீதத்துக்கு இறங்கியது. ஏற்றியபோது எண்ணெய் வித்து பயிரிடும் உழவருக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்க வேண்டும் என்றார்கள். இறக்கியபோது சில்லறை விலையேற்றத்தில் தவிக்கும் குடும்பங்களுக்கு ஆறுதல் வேண்டும் என்றார்கள். இரண்டும் நேர்மையான அக்கறைகள்தான். ஆனால் எத்தனை வீடுகள் எண்ணெய் வித்தை விற்கின்றன, எத்தனை வீடுகள் எண்ணெயை வாங்க மட்டுமே செய்கின்றன, இரண்டையும் செய்யும் வீடுகள் எவை, ஏழை வீடுகள் எந்தப் பக்கம் அதிகம் என்ற கணக்கு இரண்டு அறிவிப்புகளிலும் இல்லை. தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு நாட்டில் இது சிறிய விடுபடல் அல்ல. வணிகக் கொள்கை ஏழைக்கு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு நாடு முழுவதற்குமான ஒற்றைப் பதில் கிடையாது. வீடு வீடாகக் கேட்டால்தான் பதில் கிடைக்கும். அதையும் வரியை மாற்றுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

இப்படிக் கேட்பதற்கு அபூர்வமான கருவி எதுவும் தேவையில்லை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் 1989இல் தாய்லாந்து அரிசியைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். தாய்லாந்து அரசு பல ஆண்டுகளாக அரிசி ஏற்றுமதியின் மீது வரி போட்டு, உள்நாட்டு விலையைத் தாழ்த்தி வைத்திருந்தது. நகரத்து மக்களுக்கு மலிவான சோறு என்பது அதன் நியாயம். அந்த நிலை மாறி அரிசி விலை ஏறினால் யாருக்கு என்ன ஆகும்? டீட்டன் செய்தது அடிப்படையில் கூட்டல் கழித்தல்தான். 1981-82ஆம் ஆண்டுக் குடும்பக் கணக்கெடுப்பை எடுத்து, ஒவ்வொரு வீடும் விற்ற அரிசியின் மதிப்பிலிருந்து வாங்கிய அரிசியின் மதிப்பைக் கழித்து, மிச்சம் அந்த வீட்டின் மொத்தச் செலவில் எத்தனை பங்கு என்று பார்த்தார். அந்தப் பங்கை விலை மாற்றத்தால் பெருக்கினால் வீட்டுக்கு வரும் லாபமோ நஷ்டமோ ஏறத்தாழத் தெரிந்துவிடும். மாதம் 10,000 ரூபாய் செலவழிக்கும் ஒரு குடும்பம் அதில் 600 ரூபாயை எண்ணெய்க்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் விலை 20 சதவீதம் ஏறினால் 120 ரூபாய் கூடுதலாகப் போகும். மொத்தச் செலவில் அது 1.2 சதவீதம். அதே குடும்பம் மாதத்துக்கு 2,000 ரூபாய்க் கணக்கில் நிலக்கடலை விற்று, அதன் விலையும் அதே அளவு ஏறினால் 400 ரூபாய் உள்ளே வரும். தாய்லாந்தில் இந்தக் கணக்கைப் போட்டபோது, அரிசி விலை உயர்வால் கிராமத்தின் எல்லா வருமான மட்டங்களுக்கும் ஆதாயம் என்றும், விகிதப்படி அதிக ஆதாயம் நடுத்தட்டு உழவருக்கே என்றும் தெரிந்தது. நகரத்துக்காகப் போட்ட வரியைக் கிராமத்து ஏழையும் சேர்ந்து சுமந்திருக்கிறார் என்பதும், விலை ஏறினால் பெருநிலக்காரர் மட்டுமே கொழுப்பார் என்ற அச்சத்துக்கு அங்கே ஆதாரமில்லை என்பதும் ஒரே கணக்கில் வெளிப்பட்டன.

இந்தியாவில் இதே கணக்கைப் போட உட்கார்ந்தால் முதலில் கலைவது, உழவர் ஒரு பக்கம், நுகர்வோர் மறுபக்கம் என்ற சித்திரம்தான். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 2019இல் வேளாண் குடும்பங்களைப் பற்றி எடுத்த விவரப்படி, ஒரு வேளாண் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலியாகவும் சம்பளமாகவும் வந்தது 4,063 ரூபாய். பயிரிலிருந்து வந்தது 3,798 ரூபாய். கால்நடையிலிருந்து 1,582 ரூபாய். உழவர் வீடு என்று நாம் சொல்லும் வீடு பயிரைவிடக் கூலியால்தான் அதிகம் பிழைக்கிறது. நிலம் குறையக் குறையக் கூலியின் பங்கு இன்னும் கூடும். அந்த வீடு நிலக்கடலையை விற்றுவிட்டுப் பாமாயில் வாங்கும். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு ரேஷன் அரிசியைச் சமைக்கும். கோடையில் வேலையுறுதித் திட்டத்துக்குப் போகும். மகனையோ மகளையோ ஆலைக்கு அனுப்பியிருக்கும். 2022-23ஆம் ஆண்டு நுகர்வுக் கணக்கெடுப்பில் கிராமத்து வீடுகளின் செலவில் உணவுக்குப் போனது சுமார் 46 சதவீதம், நகரத்தில் சுமார் 39 சதவீதம். வருமானம் குறைந்த வீட்டில் இந்தப் பங்கு பெரிது என்பதால், உணவுப் பொருளின் மீதான ஒரு வரி ஏழை வீட்டைத் தொடும் அழுத்தமும் பெரிது. அதே நேரத்தில் ரேஷன் கடை அந்த அழுத்தத்தின் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ஆகவே 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை மத்திய அரசு தடை செய்தபோது, அந்தத் தடையின் ஆறுதல் கடையில் அரிசி வாங்கும் நடுத்தர வீட்டுக்குக் கிடைத்த அளவு, ரேஷன் அரிசியை நம்பி வாழும் வீட்டுக்குக் கிடைத்திருக்க வழியில்லை. உலக அரிசி ஏற்றுமதியில் இந்தியாவின் பங்கு சுமார் 40 சதவீதம் என்பதால், அந்தத் தடையின் சுமை இந்திய அரிசியை வாங்கி உண்ணும் ஆப்பிரிக்க நாடுகளின் ஏழை வீடுகள் வரை போனது. அந்த வீடுகள் நம் கணக்கெடுப்பில் வருவதில்லை. அதற்காக அவை கணக்கில்லாதவை ஆகிவிடா.

துறைமுகத்தில் குறைந்த விலை வீடு வரை வந்து சேர்கிறதா என்பது அடுத்த கேள்வி. மெக்சிகோவின் மக்காச்சோளம் இதற்குத் தெளிவான பாடம். 1994 ஜனவரியில் வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க மக்காச்சோளத்துக்குக் கதவை ஒரேயடியாகத் திறக்காமல் 2008 வரை படிப்படியாகத் திறப்பது என்பது ஏற்பாடு. ஆனால் ஒதுக்கீட்டுக்கு மேல் வந்த சரக்குக்கு வாங்க வேண்டிய வரியை மெக்சிகோ அரசு பல ஆண்டுகள் வாங்காமல் விட்டது. படிப்படி என்பது ஏட்டில் நின்றது. விற்கும் உழவருக்குக் கிடைத்த விலை சரிந்தது. அப்படியானால் மக்காச்சோள ரொட்டியான டோர்ட்டில்லா மலிந்திருக்க வேண்டுமே? மலியவில்லை. மாவுத் தொழில் சில பெரிய நிறுவனங்களின் கையில் இருந்தது. டோர்ட்டில்லாவுக்கு இருந்த மானியத்தையும் விலைக் கட்டுப்பாட்டையும் அரசு 1999க்குள் விலக்கிக்கொண்டது. விற்பவர் இழந்தது வாங்குபவருக்கு வந்து சேரவில்லை. ஒப்பந்தத்தால் பயனடைந்த வீடுகளும் நாடெங்கும் ஒன்றுபோல இல்லை. அமெரிக்க எல்லையை ஒட்டிய வட மாநிலங்களுக்கு மலிவுப் பொருள் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. தெற்கே போகப் போக, ஏழ்மை கூடக் கூட, அந்த மலிவு தேய்ந்துகொண்டே போனது என்று மெக்சிகோ குடும்பக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்த அலெஸாண்ட்ரோ நிசிட்டா காட்டினார். இந்தியாவைப் பற்றிய ஆய்விலும் இதே சாயல் உண்டு. வரிக் குறைப்பில் நகரத்து விலைக்கு இறங்கியது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. கிராமத்து விலைக்கு இறங்கியது பாதிக்கும் குறைவு. நல்ல சாலையும் போட்டியுள்ள மொத்த வணிகமும் இல்லாத ஊருக்கு வரிக் குறைப்பு என்பது இடையிலேயே தங்கிவிடும் பணம்.

திறந்த வணிகம் ஏழைக்கு எதிரானது என்று இதிலிருந்து முடிவு கட்டுபவர்கள் வியட்நாமைப் பார்க்க வேண்டும். இந்தத் துறையில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட நாடுகளில் அது ஒன்று. கூட்டுப் பண்ணைகளைக் கலைத்து 1988இல் நிலத்தைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்ட வியட்நாம், அடுத்த ஆண்டே பெரிய அரிசி ஏற்றுமதி நாடாகியது. ஆனாலும் ஏற்றுமதிக்கு அளவுக் கட்டுப்பாடு இருந்தது; தெற்கிலிருந்து வடக்கே அரிசி கொண்டுபோவதற்குக்கூடத் தடைகள் இருந்தன. 1990களின் நடுவில் இவை தளர்ந்து, 1997இல் பெரும்பாலும் நீங்கின. மற்ற பொருள்களோடு ஒப்பிட, அரிசியின் விலை 5 ஆண்டுகளில் சுமார் 30 சதவீதம் ஏறியது. முக்கிய உணவின் விலை 30 சதவீதம் ஏறினால் ஏழை நாட்டில் பட்டினி பெருகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1992-93இலும் 1997-98இலும் சுமார் 4,300 வீடுகளுக்கு இரண்டு முறையும் போய் எடுத்த கணக்கெடுப்பு வேறு கதை சொல்லிற்று. அந்த 5 ஆண்டுகளில் வியட்நாமின் வறுமை 58 சதவீதத்திலிருந்து 37 சதவீதமாக இறங்கியிருந்தது. எரிக் எட்மண்ட்ஸ், நீனா பாவ்ச்னிக் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அந்த வீடுகளின் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்த்தார்கள். அரிசி விலை ஏற்றத்தோடு கிராமப்புறக் குழந்தை உழைப்பு 9 சதவீதப் புள்ளிகள் குறைந்திருந்தது. வயலில் பிள்ளையின் கைக்கு மதிப்பு கூடிய அதே காலத்தில் பிள்ளையை வயலிலிருந்து பெற்றோர் விடுவித்தார்கள்; வீட்டில் நாலு காசு சேர்ந்தது, பிள்ளை பள்ளிக்குப் போனது. வறுமையில் இருப்பவர்கள் பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவது விருப்பத்தால் அல்ல, வேறு வழி இல்லாததால் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆனால் இந்த நல்ல முடிவு வியட்நாமில் ஏன் சாத்தியமாயிற்று என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கூட்டுப் பண்ணையைக் கலைத்தபோது நிலம் பெரும்பாலும் சமமாகப் பங்கிடப்பட்டிருந்தது. அதனால் விலை ஏற்றத்தின் பலன் பல லட்சம் சிறு வயல்களுக்குப் பரவியது. அரிசியை விற்பதைவிட வாங்குவது அதிகமாக இருந்த வீடுகளில், குறிப்பாக நகரத்தில், இந்த நன்மை கிடைக்கவில்லை; அங்கே விலை ஏற்றம் பிள்ளைகளை வேலைப் பக்கம் தள்ளியது. நாட்டுக்கு நாடு கொள்கையை மட்டும் நகலெடுப்பவர்கள் விட்டுவிடுவது இந்த நிலப் பங்கீட்டைத்தான். கிராமத்தில் பாதிப் பேர் நிலமற்ற கூலிகளாக இருக்கும் ஒரு பகுதியில் அதே ஏற்றுமதிச் சுதந்திரம் அதே பலனைத் தரும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது.

நிலமற்றவருக்கு எல்லாமே கூலியைப் பொறுத்தது. நெல் விலை ஏறினால் நடவுக்கும் அறுப்புக்கும் கூலி ஏறுமா, ஏறினால் எப்போது? வங்கதேசத்தைப் பற்றி மார்ட்டின் ரவாலியன் 1990இல் செய்த ஆய்வு இதற்கு மனத்தைக் கனக்கச் செய்யும் ஒரு பதிலைத் தந்தது: அரிசி விலை உடனே ஏறுகிறது, கூலி சில ஆண்டுகள் கழித்தே எட்டிப் பிடிக்கிறது. நீண்ட காலத்தில் கூலி வீட்டின் லாப நஷ்டம் சமனாகலாம். ஆனால் அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த வீடு அரை வயிற்றோடு இருக்கும். இந்தியாவில் 2000களின் விலை உயர்வைப் பற்றி ஹனன் ஜேக்கபி செய்த ஆய்வு இன்னும் நம்பிக்கை தருவது. விலை ஏறிய பயிர்களை அதிகம் விளைவித்த மாவட்டங்களில் கிராமக் கூலியும் வேகமாக ஏறியிருந்தது. அதைச் சேர்த்துக்கொண்டால் கிராமத்து ஏழைகளுக்கும் மொத்தத்தில் ஆதாயமே. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுப்பதாக நான் நினைக்கவில்லை. கூலி ஏறும் வேகம் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் வேறு. எனவே கொள்கையை அளக்கும்போது முதல் ஆறு மாதத்தையும் ஐந்தாம் ஆண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டின் சராசரி ஆதாயத்தைக் காட்டி முதல் ஆறு மாதத்தின் பசியை நியாயப்படுத்துவது தவறு.

இனி நம் நாட்டின் பெரிய மாற்றத்துக்கு வருவோம். 1991இல் அந்நியச் செலாவணி வற்றி, பன்னாட்டு நிதியத்தின் கடனோடு நிபந்தனைகளும் வந்தபோது, இந்தியா தன் இறக்குமதி வரிகளை வெட்டியது. சராசரியாக 80 சதவீதத்துக்கும் மேலே இருந்த வரி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 40 சதவீதத்துக்குக் கீழே வந்தது. ஆராய்ச்சிக்கு இது ஓர் அரிய சந்தர்ப்பம். வெட்டு திடீரென வந்தது, வெளியிலிருந்து வந்தது. எந்தத் தொழில் நலிந்திருக்கிறது, எந்தத் தொழிலுக்கு டெல்லியில் செல்வாக்கு இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து வரி குறைக்க நேரம் இருக்கவில்லை. பெட்டியா டோபலோவா என்ற பொருளியலாளர் மாவட்ட வாரியாகப் பார்த்தார். ஒவ்வொரு மாவட்டத்திலும் மக்கள் எந்தெந்தத் தொழிலில் இருந்தார்கள், அந்தத் தொழில்களின் பாதுகாப்பு எவ்வளவு குறைந்தது என்று சேர்த்துக் கணக்கிட்டு, அதோடு மாவட்டத்தின் வறுமை எப்படி மாறியது என்பதை ஒப்பிட்டார். நாடு முழுவதும் வறுமை குறைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வரிப் பாதுகாப்பை அதிகம் இழந்த கிராமப்புற மாவட்டங்களில் அது மெதுவாகக் குறைந்தது. வரி மாற்றமே படாத மாவட்டத்தோடு ஒப்பிட, சராசரி அளவு வெட்டு விழுந்த மாவட்டத்தின் வறுமை சுமார் 2 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. அந்தப் பத்தாண்டில் நாடு வறுமைக் குறைப்பில் கண்ட முன்னேற்றத்தில் இது ஏறத்தாழ 15 சதவீதத்துக்குச் சமம். அடி பலமாக விழுந்தது கீழ்த்தட்டில். அதே மாவட்டங்களில் பள்ளிச் சேர்க்கை மற்ற இடங்களில் ஏறிய அளவு ஏறவில்லை என்று எட்மண்ட்ஸும் பாவ்ச்னிக்கும் டோபலோவாவோடு சேர்ந்து பிறகு காட்டினார்கள். புத்தகம், சீருடை, கட்டணம் என்று வரும் செலவைத் தவிர்க்கத்தான் பல வீடுகள் பிள்ளையை நிறுத்தின.

பாடநூல் இதற்கு எதிரானதை எதிர்பார்த்தது. 1941இல் வொல்ஃப்காங் ஸ்டோல்பரும் பால் சாமுவேல்சனும் நிறுவிய தேற்றத்தின்படி, உழைப்பாளர் நிறைந்த ஏழை நாடு வணிகத்தைத் திறந்தால் உழைப்பாளரின் கூலி உயர வேண்டும். அந்தத் தேற்றத்துக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: ஒரு தொழில் சரிந்தால் அதன் தொழிலாளி இன்னொரு தொழிலுக்குத் தடையின்றிப் போய்விடுவார். 1990களின் இந்தியாவில் கல்யாணமாகி ஊர் மாறிய பெண்களை விட்டுவிட்டால், மாவட்டம் விட்டு மாவட்டம் போய்க் குடியேறியவர்கள் மிகச் சிலரே. நிலம் ஓர் ஊரில், ரேஷன் அட்டை அந்த ஊரில், கடன் கொடுத்தவரும் ஜாதி சனமும் அந்த ஊரில். போகும் ஊரில் வாடகை வீடுகூட யார் என்ன என்று விசாரித்த பிறகே கிடைக்கும். இந்தப் பிணைப்புகள் இறுகிய இடத்தில் வரி வெட்டின் நஷ்டம் அதே இடத்தில் தேங்கியது. பிரேசிலின் நிலைமை இன்னும் கவலை தருவது. 1990களின் தொடக்கத்தில் அங்கே வரி வெட்டால் அதிகம் பாதிக்கப்பட்ட பகுதிகளின் சம்பளப் பின்னடைவு காலப்போக்கில் ஆறவில்லை. இருபது ஆண்டுகள் வரை ஆழமாகிக்கொண்டே போனது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு உண்டு. ராணா ஹசன், தேவாஷிஷ் மித்ரா, பெய்ஸா உரால் மூவரும் அதே காலத்தை மாநில அளவில் ஆராய்ந்து, வெளிநாட்டுப் போட்டிக்கு அதிகம் திறந்துவிடப்பட்ட மாநிலங்களில் வறுமை குறைவாகவே இருந்தது என்று கண்டார்கள். நுகர்வோர் என்ற வகையில் வீடுகளுக்குக் கிடைத்த விலை மலிவைத் தனியே அளந்த ஆய்வும், எல்லா மட்டத்து வீடுகளும் அதனால் பயனடைந்தன, ஏழைகள் சற்றுக் கூடுதலாகவே பயனடைந்தார்கள் என்றது. அப்படியானால் டோபலோவா சொன்னது தவறா? இல்லை. தாராளமயத்தால் இந்தியா ஏழையாயிற்று என்று அவர் சொல்லவேயில்லை. அடி அதிகம் விழுந்த மாவட்டங்கள் மற்றவற்றைவிடப் பின்தங்கின என்றார். மாவட்டத்தின் வேதனை மாநிலச் சராசரியில் கரைந்துபோகும். வாங்குபவராக லாபமும் சம்பாதிப்பவராக நஷ்டமும் ஒரே வீட்டுக்குள் நிகழலாம். மேசைக் கடிகாரமும் சட்டைத் துணியும் மலிந்த அதே ஆண்டில் தறி நின்றுபோகலாம். இந்த ஆய்வுகளில் தமக்கு வசதியான ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மேடையில் பேசுவதுதான் இரண்டு தரப்பிலும் நடந்து வந்திருக்கிறது.

கூலியின் வழியே வரும் அடி எவ்வளவு தூரம் பயணம் போகும் என்பதற்கு அண்மைய உதாரணம் திருப்பூர். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் அங்கிருந்து போகிறது. அதன் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று அமெரிக்கா. 2025 ஆகஸ்ட் 27 முதல் பல இந்தியப் பொருள்களுக்கான அமெரிக்க வரி 50 சதவீதமானது. அப்படி வரி ஏறி ஆர்டர் நின்றால் முதலில் குறைவது ஓவர்டைம், அடுத்தது ஷிப்ட், அதற்கடுத்தது பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரின் வேலை நாள். அந்தக் குறைவைத் திருப்பூரில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் மாதாமாதம் அனுப்பும் பணத்தில் அரிசி வாங்கும் வீடு ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறது. அமெரிக்க வரியின் நலக் கேடு அந்தக் கிராமத்துக் கணக்கெடுப்பில்தான், அதுவும் காரணம் தெரியாத ஒரு செலவுக் குறைவாகத்தான் பதிவாகும். வருமானம் எந்த ஊரில் சம்பாதிக்கப்பட்டது என்று கேட்காத கணக்கெடுப்பு இத்தகைய அடியைக் காண முடியாது.

வணிகத்தால் நாட்டின் மொத்த வருமானம் வளர்கிறது, லாபம் பெற்றவரிடமிருந்து எடுத்து நஷ்டப்பட்டவருக்குக் கொடுத்துவிடலாமே என்பது பொருளியலாளர் பலர் சொல்லும் பதில். தர்க்கத்தில் குறையில்லை, நடப்பில்தான் குறை. மெக்சிகோ தன் உழவருக்குக் கொடுத்த நேரடி உதவி ஹெக்டேர் கணக்கில் வந்தது. நிலம் அதிகம் உள்ளவருக்கு அதிகம் கிடைத்தது, நிலமற்ற கூலிக்கு எதுவும் இல்லை. அமெரிக்கா 1962இல் தொடங்கிய, இறக்குமதியால் வேலை இழந்தோருக்கான உதவித் திட்டம், நாடாளுமன்றம் நீட்டிக்காததால் 2022 ஜூலையில் புதிய விண்ணப்பங்களுக்குக் கதவை மூடியது. இழப்பீடு பின்னால் வரும் என்ற வாக்கை நம்பி எந்த வீடும் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருக்க முடியாது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 2007 முதல் மானிய விலையில் பாமாயில் தருகிறார்கள். ஒரு லிட்டர் 25 ரூபாய். இறக்குமதி வரி ஏறினாலும் அந்த ஒரு லிட்டருக்கான கூடுதல் செலவு வீட்டின் மீது விழாமல் மாநில அரசின் மீது விழுகிறது. முன்கூட்டியே நிற்கும் பாதுகாப்பு என்றால் இதுதான். பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று தென்னை உழவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அந்த மாற்றத்தின் விலையை யார் சுமப்பது என்பதையும் இதே முறையில் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவு ஆபத்து இருந்தால் கதவை மூடிவைப்பதே ஏழைக்கு நல்லது என்பார் இன்னொரு சாரார். கதவை மூடுவதும் ஒரு வணிகக் கொள்கை மாற்றம்தான். அதுவும் வீடு வீடாகத்தான் அடிக்கும். ஏழைகள் தம் வருமானத்தில் பெரும்பங்கை உணவு, துணி போன்ற நாடு கடந்து விற்கப்படும் பொருள்களுக்கே செலவிடுகிறார்கள். 40 நாடுகளின் விவரங்களை வைத்து பாப்லோ ஃபேகல்பாமும் அமித் கண்டேல்வாலும் போட்ட கணக்கில், வணிகத்தை முற்றாக நிறுத்தினால் கீழ்த்தட்டினரின் உண்மை வருமானம் சராசரியாக 63 சதவீதமும் மேல்தட்டினரின் வருமானம் 28 சதவீதமும் சரியும் என்று வந்தது. இலங்கையில் இது வெறும் கணக்காக இல்லாமல் வாழ்வாகவே நடந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசு தடை செய்தது. செலாவணியைச் சேமிப்பதும் இயற்கை வேளாண்மைக்கு மாறுவதும் நோக்கம். நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டபோது பெரும்போகத்துக்கான விதைப்பு நடந்துகொண்டிருந்தது. விளைச்சல் சரிந்தது. கையில் உரம் இருப்பு வைத்திருந்தவரும் கூடுதல் விலைக்கு வாங்க முடிந்தவரும் ஓரளவு தப்பினார்கள். கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கடனுக்கு உரம் வாங்கி நெல் போடும் சிறு உழவருக்கும், மலையோரச் சிறு தேயிலைத் தோட்டக்காரருக்கும் அந்த வசதி இல்லை. எந்த வீட்டில் எத்தனை மூட்டை உரம் போடுகிறார்கள், அது இல்லாவிட்டால் எத்தனை மூட்டை நெல் குறையும் என்று தடைக்கு முன் கேட்டிருந்தால், தடையின் விலை யார் தலையில் விழும் என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

விலை நாளுக்கு நாள் மாறும்போது இத்தனை கணக்குப் போட்டுக்கொண்டிருக்க நேரம் எங்கே என்று அதிகாரிகள் கேட்கலாம். நேரம் பிடிப்பது வரியைப் பெருக்கிப் பார்ப்பதற்கு அல்ல, வீடுகளைப் பற்றிய அடிப்படை விவரத்தைச் சேர்ப்பதற்கு. அதை அவசரம் வராத நாளிலேயே செய்து வைத்துவிடலாம். நம் நாட்டில் அந்த அடிப்படையே நெடுநாள் இல்லாமல் கிடந்தது. 2017-18ஆம் ஆண்டு நுகர்வுக் கணக்கெடுப்பின் முடிவுகளை வெளியிடுவதில்லை என்று மத்திய அரசு 2019இல் அறிவித்தது. அதனால் 2011-12க்குப் பிறகு 2022-23 வரை, 11 ஆண்டுகளுக்கு, இந்திய வீடுகள் எதற்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்ற அதிகாரபூர்வமான படம் பொதுவெளியில் இல்லை. பருப்புக்கும் எண்ணெய்க்கும் கோதுமைக்கும் வரி ஏறியதும் இறங்கியதும், வெங்காயத்துக்கும் அரிசிக்கும் தடை வந்ததும் இந்த 11 ஆண்டுகளிலும்தான். இப்போது 2022-23, 2023-24 ஆகிய இரண்டு ஆண்டுகளின் கணக்கெடுப்புகளும் கையில் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 1999 முதல் தன் வணிக ஒப்பந்தப் பேச்சுகளோடு சமூக, சுற்றுச்சூழல் விளைவுகளை மதிப்பிடும் ஆய்வுகளை நடத்தி வெளியிடுகிறது. அவற்றில் பல சராசரிகளோடு நின்றுவிடுகின்றன என்பது என் குறை. ஆனால் ஆய்வு ஒன்று பொதுமக்கள் பார்வைக்கு வருகிறது என்பதே பெரிய வேறுபாடு.

மத்திய பட்ஜெட்டோடு ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வருகிறது: வரிச் சலுகைகளால் அரசுக்கு எவ்வளவு வருவாய் குறைந்தது என்று சொல்லும் அறிக்கை. கஜானாவின் நஷ்டத்தை அச்சிட முடிகிற அரசால் வீடுகளின் லாப நஷ்டத்தையும் அச்சிட முடியும். ஒவ்வொரு பெரிய வரி மாற்றத்தோடும் ஒரு பக்கம் போதும். வீடுகளைச் செலவின்படி பத்து அடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் அந்தப் பொருளை விற்பவர் எத்தனை சதவீதம், வாங்குபவர் எத்தனை சதவீதம் என்பது அதில் இருக்க வேண்டும். எந்த மாவட்டங்களில் அந்தத் தொழிலை நம்பியவர்கள் அதிகம், முதல் ஓராண்டில் அவர்கள் இழக்கக்கூடியது எவ்வளவு, அதை எந்தத் திட்டம் எந்தத் தேதியிலிருந்து ஈடுகட்டும் என்பதும் இருக்க வேண்டும். நிலம் ஆணின் பெயரில் இருந்து, அறுப்புக் கூலிக்குப் பெண்கள் போகும் வீடுகளில் விலை ஏற்றம் ஒருவர் கைக்கும் கூலிக் குறைவு இன்னொருவர் கைக்கும் போகும் என்பதால், ஆண் பெண் கணக்கும் தனியே வேண்டும். 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்தில் இந்தியா குறைக்க ஒப்புக்கொண்ட வரிகளில் பல, தவணை தவணையாகப் பத்தாண்டு வரை இறங்கவிருக்கின்றன. எந்த ஆண்டு எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்ற அட்டவணை தயாராக இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே மாவட்டங்களின் பட்டியலையும் வைத்து, முதல் தவணை வருவதற்கு முன் அந்தப் பக்கத்தை நிரப்பிச் சட்டமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் வைக்கலாம்.